கத்தாழைக் குழலும் காப்பிமர வாய்க்கட்டையும்

கொடைக்கானல் மலையடிவாரத்தில், சித்தரேவு பக்கம் ஒரு தோட்டத்து வேலியில் கத்தாழை ஒன்று பூத்து முடிந்து காய்ந்து நின்றது. நல்ல இருபது அடி உயரம். கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தோட்டக்கார ஆத்தாவிடம் போனேன்.

"அந்தக் காஞ்ச கம்பு எதுக்குப்பா? அடுப்புல வச்சாக்கூட நின்னு எரியாதே."

"ஊதுறதுக்கு ஆத்தா."

"ஊதுறதுக்கா? நாயனம் மாதிரியா?"

"நாயனம் இல்ல ஆத்தா. ஒத்து மாதிரி."

ஒத்து என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. நாயனக்காரருக்குப் பின்னால் நின்று, ஒரே ஒரு சுரத்தை மூச்சு அறுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குழல்தான் ஒத்து. என் அப்பா முப்பது வருஷம் அதை ஊதினவர். சுருதிப்பெட்டி வந்த பிறகு கோயில்களில் ஒத்துக்கு ஆள் கூப்பிடுவது நின்றுபோனது. 'ஒத்து ஊதுறான்' என்று ஊரில் ஏளனமாகச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் சுருதி இம்மி நகராமல் ஊதிப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

நான் குழல் பக்கம் போகவில்லை. பண்ணைக்காட்டில் ஒரு ஆசாரியிடம் தச்சுவேலை பழகினேன். வட்டக்கானலில் ஒரு விடுதிக்குக் கட்டில் போடப் போயிருந்தபோது, அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் விடிகாலையில் நீளக் குழல் ஒன்றை ஊதிக்கொண்டிருந்தார். டிஜெரிடூ. அந்த ஒலி காதில் விழுந்த மாத்திரத்தில் அப்பாவின் ஒத்து ஞாபகம் வந்துவிட்டது. கட்டில் வேலையைப் போட்டுவிட்டுக் குழலைத்தான் பார்த்தேன். கையில் எடுத்தால் எடையே இல்லை. அவர் கத்தாழைக் கம்பு என்றார். நம் வேலியில் நிற்கிற அதே கத்தாழை.

அதற்குப் பிறகு நாற்பதுக்கு மேல் செய்துவிட்டேன். எப்படிச் செய்வது என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவைக்கிறேன். மரவேலை தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. கைவாள், நகம்போல வளைந்த முனையுள்ள நகவுளி, அரம், உப்புத்தாள், பொறுமை இருந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம். டிஜெரிடூ ஆஸ்திரேலியாவின் வடக்கே, ஆர்னம் லேண்டில் வாழும் பூர்வகுடிகளின் கருவி. அங்குள்ள யொல்ங்கு மக்கள் அதை யிடாக்கி என்கிறார்கள். கரையான் உள்ளே தின்று குடைந்துவிட்ட யூகலிப்டஸ் மரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்து வெட்டுவார்கள். வாய் வைக்கும் இடத்தில் கொடுக்கில்லாத தேனீயின் மெழுகை உருட்டி ஒட்டுவார்கள். நம்மூர் கொசுத்தேனீயின் நெருங்கிய சொந்தம் அந்தத் தேனீ. நாம் செய்வது அந்தக் கருவியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கத்தாழைக் குழல், அவ்வளவுதான். அதனால் அவர்களுடைய குல ஓவியங்களை என் குழலில் நான் வரைவதில்லை. நீங்களும் வரையாதீர்கள். அவை ஒவ்வொரு குடிக்கும் சொந்தமானவை, அலங்காரத்துக்கு எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

மலையில் யூகலிப்டஸ்தான் நிறைய இருக்கிறதே, அதிலேயே செய்யக் கூடாதா என்று ஊட்டிக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1843ல் நீலகிரிக்கு வந்து, கற்பூர மரம் என்று பெயர் வாங்கி, மலை முழுக்க நிற்கிறது அது. ஆனால் ஆர்னம் லேண்டில் நடப்பதுபோல நிற்கிற மரத்தை நடுவில் குடைந்து தருகிற கரையானை நம் மலையுச்சியில் நான் பார்த்ததில்லை. கெட்டி மரத்தில் ஐந்தடி நீளத்துக்கு உளியால் துளை போடுவது பெரும்பாடு. கத்தாழைத் தண்டோ வெளியே மூங்கில்போலக் கடினம், உள்ளே நெட்டிபோல மென்மை. பாதி வேலையைச் செடியே முடித்து வைத்திருக்கிறது.

கம்பு தேடுவது

சோற்றுக்கத்தாழை இல்லை, ஆனைக்கத்தாழை. மெக்சிகோவிலிருந்து வந்து நம் வேலியாகிவிட்ட செடி. பத்து முப்பது வருஷம் இலையாகவே நிற்கும். அப்புறம் சில மாதத்தில் ஒரு பெரிய தண்டு விட்டு, பூத்து, அத்தோடு தாய்ச்செடி செத்துவிடும். பக்கக்கன்றுகள் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே காய்ந்த தண்டை எடுப்பதால் செடிக்கு நட்டமில்லை.

பச்சைத் தண்டை வெட்டவே வெட்டாதீர்கள். என் முதல் கம்பு அப்படித்தான் வீணாயிற்று. வாரத்தில் வெடித்தது, மாதத்தில் உள்ளே பூஞ்சை பிடித்தது. போதாததற்கு அதன் பால் முழங்கை வரை பட்டு மூன்று நாள் எரிச்சல். கத்தாழைச் சாற்றில் ஊசிபோன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன, அவைதான் தோலைக் குத்துகின்றன. காய்ந்த கம்பை அறுக்கும்போதும் தூள் பறக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். இலை நுனி முள் கண்ணுயரத்தில் நிற்கும், அதைக் கவனியுங்கள்.

சாம்பல் நிறத்துக்கு வந்து, ஒரு கோடை வெயிலையாவது நின்றபடியே குடித்த கம்பாகப் பாருங்கள். விரல்முட்டியால் தட்டினால் 'டொக்' என்று உலர்ந்த சத்தம் வரவேண்டும். 'தொப்' என்று வந்தால் இன்னும் ஈரம். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். மாசி, பங்குனிதான் கம்பு எடுக்க ஏற்ற காலம். கொடைக்கானல் ஊருக்குள் தேடி அலையவேண்டாம். சித்தரேவு, அய்யம்பாளையம், காட்ரோடு என்று அடிவாரத்துக் காய்ந்த நிலங்களில்தான் கத்தாழை செழிப்பு.

பட்டா நிலத்து வேலியில், உடையவரைக் கேட்டு எடுங்கள். காட்டுக்குள் போகவேண்டாம். பழனி மலையில் ஒரு பெரிய பகுதி 2013லிருந்து கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். நீலகிரியில் மசினகுடிப் பக்கம் கத்தாழை உண்டு, ஆனால் அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம். செத்த கம்புதானே என்று அங்கே சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

வெட்டுமுன் தண்டைச் சுற்றி வந்து வட்டத் துளை இருக்கிறதா பாருங்கள். விரல் நுழையும் அளவில், கருவி வைத்துப் போட்டதுபோல அச்சு அசலான வட்டம். அது கருவண்டு வீடு. ஒருமுறை அதைக் கவனிக்காமல் வெட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் சாத்தியிருந்தேன். சாயங்காலம் துளைக்குள்ளிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். காதை வைத்துக் கேட்டேன். கட்டை விரல் பருமனுள்ள கறுத்த வண்டு ஒன்று, சிறகில் நீலம் மினுங்க, பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தது. துளைக்குள் அரைத்த மரத்தூளால் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் மகரந்த உருண்டை, அதன் மேல் வெள்ளையாய் வளைந்த ஒரு முட்டை. மறுநாள் அந்தக் கம்பை அந்த வேலியிலேயே கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தேன். நம் பூசணிக்கும் அவரைக்கும் மகரந்தம் சேர்க்கிற வண்டு அது. ஆள் குடியிருக்கும் கம்பை விட்டுவிடுங்கள். குடிபோன பழைய துளைகள் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, அடைத்துக்கொள்ளலாம்.

ஆறடித் துண்டாக அறுங்கள். மேல் முனை 5 செ.மீ., அடி முனை 8 செ.மீ. பருமன் இருந்தால் நல்ல குழல் வரும். இலேசான வளைவு அழகுதான். கொண்டுவந்து நிழலில், தரையில் படாமல், இரண்டு மூன்று மாதம் படுக்கவையுங்கள்.

குடைவது

நீளக் கம்பியில் அரத்தைப் பற்றவைத்து இரு முனையிலிருந்தும் குடைகிறவர்கள் உண்டு. நானும் செய்து பார்த்தேன். நடுவில் துளை எங்கே போகிறது என்று தெரியாது, ஒருபக்கம் சுவர் மெலிந்துவிடும். கம்பை நெடுக இரண்டாகப் பிளந்து, குடைந்து, மறுபடி ஒட்டுவதுதான் என் வழி. உள்ளே ஒவ்வொரு அங்குலத்தையும் கண்ணால் பார்க்கலாம், தடவலாம்.

பிளக்குமுன் நூல் அடித்துக் கோடு போடுங்கள். கோட்டுக்குக் குறுக்கே நாலைந்து இடத்தில் பென்சிலால் ஜோடிக் குறி போட்டுவையுங்கள், திரும்ப ஒட்டும்போது இரண்டு பாதியும் இம்மி பிசகாமல் சேர அதுதான் உதவும். கைவாளே போதும். தோல் மட்டும்தான் முரண்டும், உள்ளே வெண்ணெயாக இறங்கும்.

பிளந்த பாதியை மடியில் வைத்து நகவுளியால் நெட்டியை வழித்தெடுக்கலாம். கொட்டாப்புளி தேவையே இல்லை, கைத்தள்ளலில் வந்துவிடும். எவ்வளவு குடைவது என்பதில்தான் சுருதி இருக்கிறது. இதை நிதானமாகச் சொல்லவேண்டும்.

ஒருபக்கம் உதடு அடைத்த நேர்குழலுக்குக் கணக்கு எளிது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். அதைக் குழல் நீளத்தின் நாலு மடங்கால் வகுத்தால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்று வந்துவிடும். ஒன்றரை மீட்டர் நேர்குழலுக்கு 57. பி.வி.சி. குழாயை ஊதிப் பார்த்தால் சரியாகவே இருக்கும். ஆனால் குழல் கீழே விரிய விரிய சுருதி ஏறும். அதே ஒன்றரை மீட்டர், வாயில் 3 செ.மீ., அடியில் 6 செ.மீ. என்று சீராக விரிந்தால் 73 பக்கம் வரும். அது நம் இரண்டு கட்டைச் சுருதியின் கீழ் ஸ்தாயி. அடியை 9 செ.மீ. வரை விரித்தால் மூன்று கட்டைக்கே போய்விடும். நீளம் ஒன்றுதான், வயிற்றை மாற்றினால் குரல் மாறுகிறது. நாயனத்தில் உலவு என்கிற குழலுக்குக் கீழே அணசு என்கிற விரிந்த வாயை வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டையில் பாடுகிற ஆணுக்குத் துணையாக ஊதவேண்டுமென்றால் 65 அதிர்வு வேண்டும். அதற்குக் கம்பு நீளமாகவும் விரிவு குறைவாகவும் இருக்கட்டும். நான் எப்போதும் தேவைக்கு ஒரு சாண் கூடுதல் நீளத்தில் ஆரம்பித்து, ஊதிப் பார்த்து, கடைசியில் அறுத்துச் சரிசெய்வேன். அறுத்த துண்டைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் அரை விரற்கடை, அரை விரற்கடையாகத்தான் குறைப்பேன். சுருதி பார்க்க கைப்பேசியில் தம்புரா செயலி போதும். காலைப் பனியில் குழல் காதுக்குத் தெரிகிற அளவு இறங்கி ஒலிக்கும். வெயில் ஏறிய பிறகு, பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிவிட்டு அளவெடுங்கள்.

நெட்டியை மொத்தமாக எடுத்துவிட்டுத் தோலை மட்டும் விடாதீர்கள், குரல் டப்பாபோல ஆகிவிடும். அப்படியே விட்டாலும் ஆகாது, பஞ்சு மாதிரி ஒலியைக் குடித்துவிடும். சுவர் 8 முதல் 10 மி.மீ. இருக்கட்டும். பிறகு உள்பக்கத்தை 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி பசையை மெல்லிதாக இரண்டு கை பூசுங்கள். முதல் கை உறிஞ்சப்பட்டே போய்விடும். இரண்டாவது கைதான் கண்ணாடிபோல நிற்கும். அந்தக் கண்ணாடிதான் குழலின் குரல். ஊதும்போது உள்ளே இறங்கும் மூச்சு ஈரத்தையும் அதுதான் தாங்கும். ஒட்டவேண்டிய விளிம்பில் மட்டும் பசை படாமல் தாள்பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

மூடுபனி நாளில் எபாக்ஸி வேலையே வேண்டாம். ஒரு டிசம்பரில் அவசரப்பட்டு, கொடைக்கானலில் ஒரு கடையில் சில்லறையாக ஊற்றிக் கொடுத்த பசையை வாங்கிப் பூசினேன். எட்டு நாள் ஆகியும் விரல் ஒட்டியது. குளிரும் காரணம், பசையும் பழசு. நல்ல டப்பாவாக வாங்கி, அதில் எழுதியிருக்கும் அளவிலேயே கலந்து, பகல் வெயில் உள்ள வாரத்தில் பூசுங்கள். இறுகிவிட்டதுபோலத் தெரிந்தாலும் ஒரு வாரம் காற்றாட விட்டு அப்புறம்தான் வாய் வைக்கவேண்டும். அதன் வழியாகத்தானே மூச்சு இழுக்கப்போகிறீர்கள்.

இரண்டு பாதியையும் ஒட்ட நீர் தாங்கும் மரப்பசை போதும், ஃபெவிகால் மரைன் மாதிரி. கவ்வி தேடவேண்டாம். பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். அதைவிட ஒரே சீராக அழுத்தும் கவ்வியை நான் பார்த்ததில்லை. ஒருநாள் கழித்து அவிழ்க்கலாம்.

காற்றுக் கசிவு பார்க்க: அடி முனையைத் துணியால் அடைத்து, மேல் முனை வழியாகச் சாம்பிராணிப் புகையை ஊதுங்கள். எங்கே கசிகிறதோ அங்கே நூல்போலப் புகை கிளம்பும். ஊசிமுனைத் துளை இருந்தாலும் குழல் முக்கும், ஊதுகிறவர் தன் மூச்சு போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். கசிவில் தேன்மெழுகைச் சூடாக வைத்துத் தேயுங்கள், பெரிய வெடிப்பானால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடையுங்கள். வெளிப்பக்கம் உங்கள் விருப்பம். தண்டில் இலைச்செதில் விழுந்த முக்கோணத் தழும்புகள் இருக்கும். நான் அவற்றை இழைப்பதில்லை, எண்ணெய் மட்டும் பூசி விடுவேன்.

வாய்க்கட்டை

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். குழல் செய்ய இரண்டு நாள் என்றால் வாய்க்கட்டைக்கும் இரண்டு நாள். குழல் எவ்வளவு நன்றாக ஒலித்தாலும், உதட்டுக்கு இதமில்லையென்றால் வாங்கினவர் ஒரு வாரத்தில் சுவரோரம் சாத்திவிடுவார். அப்பா, ஒத்தின் வாயில் வைக்கும் சீவாளியை எத்தனை முறை நனைத்து, சீவி, வாயில் வைத்துப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். வாய் படும் இடம் வாத்தியத்தில் பாதி.

வெறும் தேன்மெழுகு வளையமே போதும் என்பவர்களும் சரியாகத்தான் சொல்கிறார்கள். மெழுகு அவரவர் வாய்க்கு வளைந்துகொடுக்கும். ஆனால் நம் அடிவாரத்துச் சித்திரை வெயிலில், மூடிய வண்டிக்குள் வைத்தால் நெகிழ்ந்து உருக்குலைந்துவிடும். அதனால் மரம்.

எல்லா மரத்தையும் போட்டுப் பார்த்தாயிற்று. சில்வர் ஓக் லேசு, ஆனால் ஈரம் பட்டால் நார் எழும்பி உதட்டைச் சுரண்டும். பலா நன்றாக இருக்கும். ஈட்டி மரம் கேட்கிறார்கள், அதை நான் எடுப்பதில்லை. எனக்குப் பிடித்தது காப்பி மரம். தாண்டிக்குடி, பெரும்பாறைத் தோட்டங்களில் வயதான அரபிகாச் செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்யும்போது அடிக்கட்டை விறகுக்குப் போகும். கேட்டால் சும்மா கொடுப்பார்கள். இளமஞ்சள் நிறம், ரேகையே தெரியாத நெருக்கமான இழை, தேய்த்தால் தந்தம்போல வழுவழுப்பு. தண்ணீர் பட்டாலும் நார் எழும்பாது.

ஒரே குறை, காயும்போது வெடிக்கும். வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மெழுகு பூசிவிடுங்கள். அடுப்பு மேல் பரணில் வைக்காதீர்கள், வேகமாகக் காய்ந்து பிளக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு வருஷம் மறந்துவிடுங்கள். பிறகு நடுத்தண்டை விட்டு ஒதுங்கிய பாகத்திலிருந்து ஆறுக்கு ஆறு செ.மீ., ஐந்து செ.மீ. உயரத்தில் ஒரு கட்டை எடுங்கள். நடுத்தண்டு உள்ளே மாட்டினால் எப்போதாவது ஒருநாள் அங்கிருந்து வெடிப்பு கிளம்பும்.

கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு நடுவில் 25 மி.மீ. துளை போடுங்கள். மீதியைக் கையால் விரியுங்கள். கடைசல் பட்டறையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வட்டமாகக் கடைந்து தருவார்கள், ஆனால் உதடு வட்டமில்லை. அகலத்தில் 32 மி.மீ., உயரத்தில் 28 மி.மீ. என்று இலேசான முட்டை வடிவம் வாயில் கச்சிதமாக உட்காரும். துளை பெரிதானால் மூச்சு கொட்டிப்போகும், சிறிதானால் உதடு அதிர இடமிருக்காது. மெல்லிய உதட்டுக்காரருக்கு 28ஐயே வட்டமாக வைக்கலாம்.

விளிம்பின் கனம் 7 மி.மீ. உள்ஓரத்தை உருண்டை அரத்தால் மழுக்கவேண்டும். கூராக விட்டால் ஐந்து நிமிடத்தில் உதட்டில் கோடு விழும். ரொம்ப மழுக்கினால் உதடு வழுக்கி ஒலி பிசிறும். அரிசி மணியின் முதுகு அளவு வளைவு, அதுதான் என் அளவு. 120, 220, 400 என்று உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்துக்கொண்டே வருவேன். 220 முடிந்ததும் கட்டையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு மறுபடி தேய்ப்பேன், எழும்பவேண்டிய நார் எல்லாம் அப்போதே எழும்பி அடங்கிவிடும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நாக்கு நுனியால் விளிம்பைச் சுற்றிப் பார்ப்பேன். விரலுக்குத் தெரியாத மேடு நாக்குக்குத் தெரியும்.

உள்ளே துளை, கம்பின் துளையோடு படி இல்லாமல் சேரவேண்டும். படி இருந்தால் அங்கே காற்று சுழன்று ஒலி மங்கும். கட்டையின் கீழ்ப்பாதியில் 2 செ.மீ. உயரத்துக்குச் சுற்றிலும் செதுக்கிக் கழுத்தாக்குங்கள், அது கம்புக்குள் இறங்கட்டும். கம்பின் வாய் நெட்டியாக இருப்பதால் அங்கே எபாக்ஸி ஊற்றிக் கெட்டிப்படுத்திவிட்டுக் கழுத்தை ஒட்டுங்கள். வெளியே கத்தாழை நாரையே முறுக்கி பத்துச் சுற்று இறுகக் கட்டினால் வாய் பிளக்காது. தண்டும் நாரும் ஒரே செடியிலிருந்து வருவதில் எனக்கு ஒரு திருப்தி.

வெளிப்பக்கச் செதுக்கு அவரவர் மனம்போல. நான் குறிஞ்சிப் பூ செதுக்குகிறேன். 2018ல் மலை நீலமாக நின்றபோது பார்த்துக் கையில் ஏற்றிய வடிவம். பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறை பூத்து அதுவும் கத்தாழைபோலவே காய்ந்துவிடுகிறது. 2030ல் மறுபடி பார்க்கலாம். எதைச் செதுக்கினாலும் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. வெறுமையாக விடுங்கள், அங்கே உதடும் மீசையும் உட்காரவேண்டும். பள்ளம் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

வாய் படும் இடத்தில் வார்னிஷ் கூடவே கூடாது. ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு தேங்காய் எண்ணெய், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் மெழுகு வைக்கவேண்டாம். சூடாகவே துணியில் தொட்டுத் தேய்த்து, மறுநாள் பளபளக்கத் துடையுங்கள். மலைத்தேன் எடுக்கிற பளியர்களிடம் கேட்டால் நல்ல மெழுகு கிடைக்கும். அதை அடைக்கு அடையாகத் தருவார்கள், உருக்கி வடிகட்டிக்கொள்ள வேண்டும்.

ஊதுவது

உதட்டைத் தளர்த்தி, குதிரை செருமுவதுபோல 'ப்ர்ர்ர்' என்று காற்றை விடுங்கள். அதே உதட்டை வாய்க்கட்டைக்குள் வைத்து, காற்றைக் குறையுங்கள். எல்லோரும் முதலில் அழுத்தித்தான் ஊதுகிறார்கள். எக்காளம் மாதிரி மேல்சுரம் வந்தால் உதடு இறுகியிருக்கிறது என்று அர்த்தம். தளர்த்தத் தளர்த்த அடிக்குரல் திறக்கும். அது வந்துவிட்டால் நெஞ்செலும்பில் தெரியும்.

மூச்சு அறுபடாமல் ஊத, கன்னத்தில் கொஞ்சம் காற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கன்னம் அதை வெளியே தள்ளும் அதே நொடியில் மூக்கால் இழுக்கவேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழல் வைத்துக் குமிழி நிற்காமல் ஊதிப் பழகுங்கள். தினம் கால் மணி நேரம் பழகினால் சில வாரத்தில் பிடிபடும். கோத்தகிரிப் பக்கம் கோத்தர் பழங்குடியினர் கொல் என்கிற குழலை வாசிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அவர்களும் இதே மூச்சில்தான் நிறுத்தாமல் வாசிக்கிறார்கள். ஆகவே இந்த வித்தை கடல் தாண்டி வந்ததல்ல, நம் மலையிலும் கோயிலிலும் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

குறட்டை போகுமா என்று கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2006ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் நான்கு மாதம் டிஜெரிடூ பழகியதில் பகல் தூக்கக் கலக்கம் குறைந்திருக்கிறது. மேல்தொண்டைத் தசை பலப்படுவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அந்தத் தொல்லை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், குழல் கூட இருக்கட்டும்.

ஊதி முடித்ததும் குழலைத் தலைகீழாகச் சாய்த்து ஈரத்தை வடியவிடுங்கள். வெயிலிலும் அடுப்போரத்திலும் வைக்கவேண்டாம். வருஷத்துக்கு இரண்டு தடவை வாய்க்கட்டைக்கு மெழுகெண்ணெய். அவ்வளவுதான் பராமரிப்பு.

நான் செய்ததில் உருப்படியாக வந்த முதல் குழலை அப்பாவிடம் கொடுத்தேன். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது, பல் பாதி இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, குழலின் அடியை எதிர்த்திண்ணையில் வைத்து, ஒரு நிமிடம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஊதினார். முதல் 'ப்ர்ர்' கூட இல்லை, நேராகச் சுருதியில் உட்கார்ந்தது. கன்னம் அசைவது தெரிந்தது, மூக்கு இழுப்பது தெரிந்தது, ஒலியில் மட்டும் ஒரு இழை அறவில்லை. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார்.

ஊதிவிட்டு அப்பா குழலை இறக்கினார். வாய்க்கட்டையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இடது பக்கம் லேசா உறுத்துதுப்பா."

அந்த இடத்தை நானூறு எண் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்துக் கொடுத்தேன். நாக்கு நுனியால் சுற்றிப் பார்த்தார்.

"ம், இப்ப சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி வாயில் வைத்தார்.